சிங்கப்பூர்த் தரைவீட்டில் கோல்டன் ஃபெசன்ட்: வாங்குவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கோல்டன் ஃபெசன்ட் என்னும் கோழியினப் பறவையின் சேவலை ஒருமுறை நேரில் பார்த்தவர்களுக்கு அதை வளர்க்கும் ஆசை வராமல் இருப்பதுதான் அதிசயம். பொன்னிறக் கொண்டை, குங்குமச் சிவப்பு மார்பு, பிடரியில் ஆரஞ்சும் கறுப்பும் வரிவரியாக விரியும் விசிறி, உடலைவிட நீண்ட வால். ஆனால் இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தோட்டங்களுக்காக எழுதப்பட்டவை. சிங்கப்பூரில் இதற்கு எந்த அலுவலகத்தைக் கேட்பது, என்ன தாள் வேண்டும், எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று தமிழில் ஒரே இடத்தில் சொல்பவர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. பல பேரைக் கேட்டு, பல கதவுகளைத் தட்டித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

வரிசைதான் முக்கியம். முதலில் வீடு, அடுத்து எழுத்தில் அனுமதி, அதற்குப் பிறகு கூண்டு, கடைசியில் பறவை. பறவையை முதலில் வாங்கிவிட்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கியவர்கள் பறவையையும் இழந்து பணத்தையும் இழந்திருக்கிறார்கள்.

1. உங்கள் வீடு இதற்கு ஏற்றதா என்று பாருங்கள்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடியில் குடியிருந்தால் இந்தத் திட்டத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அங்கே கோழியினப் பறவைகளுக்கு இடமில்லை. சிறு கிளி, ஃபிஞ்ச் போன்ற கூண்டுப் பறவைகளுக்கு உள்ள சலுகை இதற்குப் பொருந்தாது.

கூட்டுரிமை அடுக்குமாடியில் நிர்வாக மன்றத்தின் விதிகளைப் படியுங்கள். தரைத்தள வீடாக இருந்தாலும், சுவரோடு சுவராக இன்னொரு குடும்பம் வாழும் இடத்தில் இது சரிப்படாது என்பது என் கருத்து.

தரைவீடு என்றால், உங்கள் சொந்த வீடா வாடகை வீடா என்பது அடுத்த கேள்வி. வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் சம்மதத்தை வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள். “இத்தனை பறவை, தோட்டத்தின் இந்தப் பக்கம், இந்த அளவில் கழற்றி மாட்டக்கூடிய கூண்டு” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். வீடு கைமாறினாலோ ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டாலோ அந்த ஒரு மின்னஞ்சல்தான் உங்களைக் காப்பாற்றும்.

அண்டை வீட்டாரிடமும் முன்னதாகவே பேசிவிடுங்கள். இந்தப் பறவை மயிலைப் போல ஊரைக் கூட்டாது, வீட்டுச் சேவலைப் போலக் கூவவும் கூவாது. ஆனாலும் இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் பறவை விடியற்காலையில் உலோகத்தைத் தட்டியது போன்ற ஒரு கீச்சுக் குரல் கொடுக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மா தெரிந்துவைத்திருந்தால் புகார் எழுதும் முன் உங்கள் கதவைத் தட்டுவார்.

2. எழுத்தில் பதில் வாங்குங்கள்

நீங்கள் அணுக வேண்டியது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவை. தனியார் வீடுகளில் கோழி, வாத்து போன்ற பறவைகளை விற்பனை நோக்கமில்லாமல் 10 வரை வைத்துக்கொள்ளலாம், வெளிப்பறவைகள் நுழைய முடியாத கூண்டுக்குள் வைக்க வேண்டும் என்பது பொது விதி. பறவைக் காய்ச்சல் பரவாமல் தடுப்பதற்காக வந்த கட்டுப்பாடு இது. ஃபெசன்டும் கோழிக் குடும்பம்தான். இருந்தும் அதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். இனத்தின் பெயரைச் சொல்லி, அதற்கான பதிலை எழுத்தில் பெறுங்கள்.

விலங்குநல மருத்துவச் சேவையின் இணையப் படிவத்தில் இவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்:

பறவையின் அறிவியல் பெயர் (கிரைசோலோஃபஸ் பிக்டஸ்). வெறுமனே ‘ஃபெசன்ட்’ என்று எழுதினால் எந்த ஃபெசன்ட் என்று கேட்டு ஒரு கடிதம் கூடுதலாக வரும்; அதிலேயே நாள்கள் ஓடிவிடும்.

எத்தனை பறவை, வீட்டு வகை, முகவரி, கூண்டின் அளவும் வலையின் கண் அளவும். கையால் வரைந்த ஒரு படத்தை இணைத்தால் போதும்.

எங்கிருந்து வாங்கப்போகிறீர்கள் என்பது. உள்ளூரில் உரிமம் பெற்ற கடையா, வெளிநாட்டு இறக்குமதியா என்பதைப் பொறுத்து மொத்த நடைமுறையும் மாறும்.

வீட்டில் ஏற்கெனவே கோழியோ வாத்தோ இருந்தால் அந்த எண்ணிக்கை. மறைக்காதீர்கள்.

பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கடைக்காரர் முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். “இன்றைக்கு விட்டால் கிடைக்காது” என்று அவசரப்படுத்துகிறவரிடம் எதையுமே வாங்காமல் இருப்பது நல்லது.

ஜொகூரிலிருந்து ஒரு பெட்டியில் போட்டு எடுத்துவரலாம் என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உரிமம் இல்லாமல் உயிருள்ள பறவையை நாட்டுக்குள் கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரின் கதவிடுக்கிலும் இருக்கைக்கு அடியிலும் ஒளித்துக் கொண்டுவரும் பறவைகள் பிடிபடுகின்றன. அப்படி வருபவற்றில் பல வழியிலேயே மூச்சுத்திணறிச் செத்துவிடுகின்றன என்பதை நினைத்தாலே மனம் பதறுகிறது.

3. பணத்தை ஒதுக்குங்கள்

பறவையின் விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். மொத்தச் செலவில் அது சிறு பங்குதான். ஒரு சேவல், இரண்டு பெட்டைக்கு நான் செலவழித்ததை வைத்துச் சொல்கிறேன்: கூண்டுக்கும் கூலிக்கும் 2,400 வெள்ளி அளவு, தரைக் கற்களுக்கும் மணலுக்கும் 300, மருத்துவரின் முதல் பரிசோதனையும் எச்சப் பரிசோதனையும் சேர்த்து 150-ஐ ஒட்டி, தீனி, கீரை, புழு எல்லாம் மாதம் 40 முதல் 50 வரை. இவை தவிர, அவசரச் சிகிச்சைக்கென்று ஒரு 500 வெள்ளியைத் தொடாமல் வைத்திருங்கள். பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் இங்கே குறைவு. பெரும்பாலான மருந்தகங்கள் நாய் பூனையோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் வீட்டிலிருந்து போகக்கூடிய தூரத்தில் யார் பறவை பார்க்கிறார் என்பதை முன்பே தொலைபேசியில் கேட்டு, பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்ல பராமரிப்பில் இவை பத்து ஆண்டைத் தாண்டியும் வாழும். அதையும் கணக்கில் சேருங்கள்.

4. கூண்டைக் கட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் இருமுறை படிக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அளவு: சேவல் ஒரு மீட்டர் நீளம் வரை வளரும், அதில் மூன்றில் இரண்டு பங்கு வால். குறுகிய கூண்டில் திரும்பத் திரும்ப வலையில் உரசி வால் நுனி துடைப்பமாகிவிடும். மூன்று பறவைக்கு 3 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவை உட்காரும் கொம்பு சுவரிலிருந்து 75 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் தூங்கும்போதே வால் மடங்கும். கொம்பு மணிக்கட்டுப் பருமனில் இருந்தால் காலுக்கு நல்லது.

கூரை: கோல்டன் ஃபெசன்ட் மத்தியச் சீனாவின் மலைக்காட்டுப் பறவை. அடர்ந்த நிழலில் வாழ்ந்து பழகியது. நேர் வெயிலில் நாள்தோறும் நின்றால் அதன் இறகு வெளுத்துப் போகும். எந்த நிறத்துக்காக வாங்கினோமோ அதுவே மங்கிவிடும். கூண்டில் மூன்றில் இரண்டு பங்குக்குத் திடமான கூரை, மீதிக்கு வலை என்பது எங்கள் வீட்டில் சரியாக அமைந்தது. துத்தநாகத் தகடு மட்டும் போட்டால் பகல் வெயிலில் உள்ளே அடுப்புப் போல் காயும். அதன் அடியில் வெப்பம் தடுக்கும் அட்டை வேண்டும்.

மேற்குப் பக்கத்தை மூடிவிடுங்கள். பிற்பகல் வெயிலும் அங்கிருந்துதான் அடிக்கும். சுமத்திராப் புயல்காற்றும் மேற்கிலிருந்துதான் வரும். விடியலுக்கு முன் திடீரென்று வீசும் அந்தக் காற்றோடு சாரல் உள்ளே அடித்தால் பறவை நனைந்து நடுங்கும். மற்ற மூன்று பக்கமும் காற்றோட்டம் தாராளமாக இருக்கட்டும்.

கூரையின் வலைப்பகுதிக்கு உள்ளே, ஒரு சாண் கீழே, மெல்லிய நைலான் வலை ஒன்றை விறைப்பில்லாமல் கட்டுங்கள். இந்தப் பறவை திடீரென்று பயந்தால் நேர்செங்குத்தாகப் பாயும். கம்பியில் மோதினால் மண்டைத் தோல் கிழிந்துவிடும். தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைக்காக ஜூன், ஜூலை மாதங்களில் போர் விமானங்கள் தாழப் பறக்கும் வாரயிறுதிகளில் இந்த வலையின் அருமை தெரியும்.

வலை: குத்தகைக்காரர் பெரும்பாலும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலையைத்தான் எடுத்துவருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும், எலி கடித்தே உள்ளே வரும். 12 மில்லிமீட்டர் கண் கொண்ட பற்றவைத்த வலை வேண்டும். பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசியதா என்று கேளுங்கள். சிங்கப்பூரில் மலைப்பாம்பு நகரத்துக்குள்ளேயே கால்வாய் வழியாக நடமாடுகிறது. கோழிக்கூண்டு அதற்கு விருந்து. சிக்லாப் பக்கத்துத் தரைவீடுகளில் மரநாய்கள் கூரைக்குக் கூரை தாவுவது ஊரறிந்த செய்தி. ஆகவே வலையைத் தரையோடு நிறுத்தாமல், வெளிப்புறமாக அரை மீட்டர் அகலத்துக்கு மண்ணுக்கடியில் மடித்துப் பதியுங்கள். இரட்டைக் கதவு வையுங்கள். ஒன்றைச் சாத்திய பிறகுதான் அடுத்தது திறக்க வேண்டும்.

தரை: தோட்ட மண்ணில் நேரடியாக விடாதீர்கள். இது அலங்காரத்துக்காகச் சொல்வதல்ல. ஃபெசன்ட் இனத்தைத் தாக்கும் கருந்தலை நோய், கோழிகளின் குடலில் வாழும் ஒரு சிறு புழுவின் முட்டைகள் வழியாகப் பரவுகிறது. அந்த முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்புழு அவற்றைச் சுமக்கும். கோழிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், ஃபெசன்ட் செத்துப்போகலாம். நம் குடியிருப்புகளில் சுதந்திரமாகத் திரியும் காட்டுக்கோழிகள் உங்கள் தோட்டத்தைக் கிளறிப் போயிருந்தால் அந்த மண்ணை நம்ப முடியாது. கல் பதித்து, அதன்மேல் 10 சென்டிமீட்டர் கழுவிய மணல் பரப்புங்கள். வாரம் இருமுறை எச்சத்தைச் சலித்தெடுங்கள். மேல்மணலை அவ்வப்போது மாற்றுங்கள். கல்லுக்கு அடியில் நீர் தேங்காதபடி சரிவும் வேண்டும்.

ஒரு மூலையில் புதர் போன்ற மறைவு வையுங்கள். தொட்டியில் வளர்த்த பாண்டான், மூங்கில், அல்லது சாய்த்து வைத்த தென்னை மட்டை போதும். சேவல் துரத்தும்போது பெட்டைக்குப் பதுங்க இடம் வேண்டும்.

5. பறவையை வாங்குங்கள்

விலங்குநல மருத்துவச் சேவையின் உரிமம் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். இணையச் சந்தையில் “வீட்டில் பொரித்தது” என்று விற்பவர்களிடம் போனால் ரசீது கிடைக்காது. ரசீதில் இனம், எண்ணிக்கை, தேதி, கடையின் உரிம எண் நான்கும் இருக்க வேண்டும். இறக்குமதியான பறவை என்றால் இறக்குமதி உரிமம், ஏற்றுமதி நாட்டு மருத்துவச் சான்றிதழ் இரண்டின் நகலையும் கேளுங்கள்.

இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கலப்பினம். லேடி ஆம்ஹர்ஸ்ட் என்னும் நெருங்கிய இனத்தோடு இது எளிதில் கலக்கும். கலப்புப் பறவையைத் தூய இனம் என்று கூடுதல் விலைக்குத் தருவார்கள். காலைப் பாருங்கள்: தூய கோல்டனுக்கு ஆணானாலும் பெண்ணானாலும் கால் மஞ்சள். நீலச்சாம்பல் தட்டினால் கலப்பு.

இரண்டாவது, பெட்டை என்று சொல்லி இளஞ்சேவலைத் தருவது. முதல் ஆண்டில் சேவலும் பெட்டையைப் போல மங்கிய பழுப்பாகவே இருக்கும். முழு நிறம் இரண்டாம் ஆண்டில்தான் வரும். ஒரு கடையில் “இரண்டும் பெட்டை” என்று எனக்குக் கொடுத்த ஜோடியில் ஒன்று சில மாதங்களில் பிடரியில் செம்பொட்டு காட்டத் தொடங்கியது. கண்ணைக் கவனியுங்கள்: சேவலுக்குக் கருவிழி வளையம் வெளிர் மஞ்சளுக்கு மாறும், பெட்டைக்குப் பழுப்பு. பெட்டை என்று தந்தது சேவலாகிவிட்டால் அதை எடுத்துக்கொண்டு பெட்டையாக மாற்றித் தருவதாகக் கடையிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே கூண்டில் பெட்டைகளோடு இரண்டு சேவல் இருந்தால் ஒன்று மற்றொன்றைக் கொல்லவும் கூடும். ஒரு சேவலுக்கு இரண்டு அல்லது மூன்று பெட்டை என்பதே சரியான கணக்கு. ஒன்றுக்கு ஒன்று விட்டால் அந்த ஒற்றைப் பெட்டையைச் சேவல் ஓய்வின்றித் துரத்தி முதுகு இறகைப் பிய்த்துவிடும்.

காலம் பார்த்து வாங்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை அடைமழை. அதையொட்டிச் சீனப் புத்தாண்டுச் சிங்க நடன முரசு. புதிய இடத்துக்கு வந்த பறவைக்கு இரண்டும் ஆகாது. மார்ச், ஏப்ரல் நல்ல நேரம்.

6. முதல் மாதம்

வந்த பறவைகளை வேறு எந்தப் பறவையோடும் சேர்க்காமல் 30 நாள் தனியே வையுங்கள். அந்தக் கூண்டுக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு துடைப்பம் தனியாக இருக்கட்டும். முதல் வாரத்திலேயே எச்சத்தை மருத்துவரிடம் கொடுத்துப் புழுவும் காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கூண்டின் பக்கங்களில் இடுப்புயரத்துக்குத் துணி கட்டிவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், மெதுவாக உள்ளே போய் தண்ணீர் வைத்துவிட்டு வரட்டும். பழகிய பிறகு சேவல் பெட்டையின் முன் வந்து நிற்பதை நீங்கள் பார்க்கலாம். பிடரி விசிறியை ஒரு பக்கமாக இழுத்து அலகை மூடிக்கொள்ளும். அதன் மேலிருந்து ஒற்றைக் கண் மட்டும் எட்டிப்பார்க்கும். பாம்பு சீறுவது போல ஓர் ஒலியோடு பெட்டையைச் சுற்றித் துள்ளும். வலைக்கு வெளியே அசையாமல் நின்றால் போதும், நாம் இருப்பதையே மறந்துவிடும்.

7. தீனியும் தண்ணீரும்

மூன்று பறவைக்கு மாதம் 5, 6 கிலோ போதும். அடிப்படைத் தீனியாகக் கோழிக் குருணைத்தீனி, வளர்ந்த பறவைக்குப் புரதம் 16 விழுக்காட்டை ஒட்டி. வெறும் தானியம் மட்டும் போட்டால் இறகு மாற்றும் காலத்தில் நிறம் தேறாது. தேக்கா ஈரச்சந்தையில் வாங்கும் கங்கோங், முளைக்கீரை, பழுத்த பப்பாளி தினமும் ஒரு கைப்பிடி. சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும் கம்பும் சோளமும் மாலையில் சிறிது. மாவுப்புழு வாரம் சிலமுறை. செரிமானத்துக்குச் சிறு கற்துகள்களை ஒரு கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள். அவகாடோ கொடுக்கவே கூடாது. பறவைகளுக்கு அது நஞ்சு. உப்பும் மசாலாவும் கலந்த மிச்சச் சோறும் வேண்டாம்.

மூட்டையாக வாங்கினால் மலிவு என்று தோன்றும். நம் ஈரப்பதத்தில் திறந்த மூட்டைத் தீனி பூசணம் பிடிக்கும். அந்தப் பூசண நஞ்சு கல்லீரலைத் தின்றுவிடும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். முகர்ந்து பார்த்து மக்கல் வாசம் வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். பறவைக்கும் நல்லது, டெங்கிக் கொசுவுக்கும் இடம் கொடுக்காது. கொசு பறவைகளுக்கு அம்மையையும் பரப்பும். பேட்டையில் கொசுமருந்துப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவிப்பு ஒட்டினால், அந்த நேரத்துக்குத் தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, கூண்டைத் துணியால் மூடிவையுங்கள்.

8. முட்டைகளை என்ன செய்வது

ஒரு பெட்டை ஓர் ஈட்டில் 8 முதல் 12 முட்டை இடும். அடைகாத்தால் 22, 23 நாளில் குஞ்சு வந்துவிடும். ஒரே ஈட்டில் நீங்கள் 10 என்ற வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். உரிமம் இல்லாமல் குஞ்சுகளை விற்கவும் முடியாது. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும், குஞ்சுகளுக்கு இடம் உறுதியாகும் வரை அடைகாக்க விடாதீர்கள். முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். கோழிமுட்டையைப் போலவே சமைக்கலாம்.

வளர்க்க முடியவில்லை என்று பூங்காவிலோ காட்டோரத்திலோ விடுவது குற்றம். செல்லப்பிராணியைக் கைவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். தண்டனையை விடுங்கள், கூண்டில் வளர்ந்த பறவைக்கு வெளியே இரை தேடத் தெரியாது.

9. நோயின் அறிகுறிகள்

இவற்றில் எது தெரிந்தாலும் நாளை பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கந்தக மஞ்சளில் நீர்த்த எச்சம் என்றால் கருந்தலை நோயாக இருக்கலாம். கழுத்தை நீட்டி வாயைத் திறந்து, தும்மல் போல ‘க்ளிக்’ என்று ஒலி எழுப்பினால் மூச்சுக்குழல் புழு. இரத்தம் கலந்த எச்சம் காக்சிடியா. வாய் பிளந்து இளைத்து, இறக்கையை உடலிலிருந்து விலக்கி நின்றால் வெப்பம் தாங்கவில்லை. நிழலுக்கு மாற்றி, குளிர்ந்த நீர் வைத்து, விசிறி போடுங்கள். நீர்த்தூவியை நாளெல்லாம் ஓடவிடாதீர்கள், ஏற்கெனவே ஈரமான காற்றில் அது பூசணத்துக்குத்தான் உதவும். புழுமருந்தை இணையத்தில் பார்த்து அளந்து கொடுக்காதீர்கள்; எச்சப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்லும் அளவே சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

பறவை காரணம் தெரியாமல் திடீரென்று செத்தால், அதிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால், தோட்டத்தில் புதைக்காதீர்கள். வெறுங்கையால் தொடாமல், விலங்குநல மருத்துவச் சேவையின் 1800-476-1600 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்பதை அவர்கள்தான் உறுதிசெய்ய வேண்டும்.

10. புகைமூட்டமும் ஊர்ப் பயணமும்

புகைமூட்ட நாள்களில் பறவையின் நுரையீரல் நம்மைவிட முன்னதாகப் பாதிக்கப்படும். காற்றுத்தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் துரத்துவதும் பிடிப்பதும் கூடாது; கூண்டைச் சுத்தம் செய்யும்போது தூசி கிளப்பாதீர்கள். சீனர்களின் பேய் மாதத்தில் பக்கத்தில் தாள் எரிப்பவர்கள் இருந்தால் அந்தப் பக்கத்தில் ஈரத்துணி கட்டுங்கள்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ தமிழ்நாடு போகிறீர்கள் என்றால், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்வதைப் போல இதைச் செய்ய முடியாது. பார்த்துக்கொள்ளப் போகிறவர் பயணத்துக்கு முந்திய வாரம் முழுவதும் காலையும் மாலையும் உங்களோடு கூண்டுக்குள் வந்து பழகட்டும். தீனியின் அளவு, மருத்துவரின் எண், இரட்டைக் கதவின் முறை, அனுமதி மின்னஞ்சலின் நகல் இவை நான்கையும் ஒரே உறையில் போட்டு, மழைபடாதபடி கூண்டின் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.